சிவப்பு 'பி' ஒட்டிய மகனுக்காக அப்பாவின் காரை மாற்றலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். மெல்பேர்னின் தென்கிழக்கில், க்ளைட் நார்த் பக்கம் குடியிருக்கிறோம். மகனுக்கு 18 வயது. போன மாதம் டெஸ்ட்டில் தேறி, காரில் புது ஓட்டுநருக்கான சிவப்பு 'பி' அட்டை ஒட்டியிருக்கிறான். 2024-இல் வேலை செய்யும் இடம் வழியாக ஐந்து வருட நோவேட்டட் லீஸில் (தவணை சம்பளத்திலிருந்தே போகும் குத்தகை) பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் என்ற மின்சாரக் கார் எடுத்தேன். 120 மணி நேரப் பயிற்சியில் முக்கால்வாசி அவன் ஓட்டியது அந்தக் காரைத்தான். இப்போது அதை அவன் ஓட்டக்கூடாது என்கிறார்கள். லீஸை முடித்துக்கொண்டு சீல் பிரீமியத்துக்கு மாறினால் அவனும் ஓட்டலாம் என்று டீலர் சொல்கிறார். லீஸை முடிக்க 57,000 டாலர் கட்ட வேண்டும். காருக்கு டீலர் தருவதாகச் சொல்வது 41,000. மனைவியிடம் 2023 கொரோலா ஹைபிரிட் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள்தான் அவருக்கு ஆபீஸ். அதன் இன்ஷூரன்ஸ் இப்போது 980 டாலர். மகன் பெயரைச் சேர்த்தால் 2,350 என்கிறார்கள். மகனோ, நண்பனின் அண்ணன் 2008 சுபாரு டபிள்யூஆர்எக்ஸை 9,000 டாலருக்குத் தருகிறார், லோன் போட்டு வாங்கித் தாருங்கள் என்கிறான். பகுதிநேர வேலையில் அவனுக்கு வாரம் 350 டாலர் வருகிறது. பெர்த்தில் இருக்கும் என் தம்பி மகன் எந்தக் காரை வேண்டுமானாலும் ஓட்டுகிறான், இங்கே மட்டும் ஏன் இப்படி என்றும் புரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மகனுக்கு வாழ்த்துகள். 120 மணி நேரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பெர்த் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் லைசன்ஸ் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய நான்கிலும் புதிய ஓட்டுநர்களுக்கு வேகமான கார்கள் மீது தடை உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தத் தடை இல்லை. உங்கள் தம்பி மகனும் சட்டப்படிதான் ஓட்டுகிறான், உங்கள் மகனுக்குச் சொன்னதும் சரிதான்.

விக்டோரியாவின் கணக்கு இது. 2010 ஜனவரி 1 முதல் தயாரான கார் என்றால், எஞ்சினின் சக்தியைக் காரின் எடையால் வகுக்க வேண்டும். ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டினால் 'பி' ஓட்டுநருக்கு அந்தக் கார் கிடையாது. உங்கள் சீல் பெர்ஃபார்மன்ஸில் இரண்டு மோட்டார்கள் சேர்ந்து 390 கிலோவாட். எடை ஏறக்குறைய 2.2 டன். வகுத்தால் 178 வருகிறது. டீலர் சொல்லும் சீல் பிரீமியத்தில் ஒரே மோட்டார், 230 கிலோவாட், இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அது 112. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒன்று அவனுக்கு ஆகாது, மற்றது ஆகும். டீலர் சொன்னதில் பொய் இல்லை. உங்கள் கொரோலா 103 கிலோவாட், எடை 1.4 டன் அளவு, 75-ஐக்கூட எட்டாது.

எல்-போர்டுக் காலத்தில் இந்தத் தடை கிடையாது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதால் எந்தக் காரிலும் பழகலாம். அதனால்தான் இந்தச் சிக்கல் பல வீடுகளுக்கு 'பி' வாங்கிய அன்று திடீரென்று வந்து நிற்கிறது. தன்னைத் தண்டித்துவிட்டதாக உங்கள் மகன் நினைத்திருப்பான். அந்த வருத்தத்தைத் தீர்க்க வேண்டும் என்ற பாசத்தில்தான் நீங்களும் 16,000 டாலர் நஷ்டத்தை யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆமாம், 57,000-த்தில் 41,000 போக மிச்சம் 16,000. அதைக் கையிலிருந்து கட்டினால்தான் லீஸ் முடியும். உங்கள் சம்பளம் 45,000-க்கும் 135,000-க்கும் இடையில் இருந்தால் அந்த அடுக்குக்கு 30 சதவீத வரி, மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்துக்கு 2 சதவீதம். 16,000 டாலர் கையில் நிற்க நீங்கள் 23,500 சம்பாதித்தாக வேண்டும். வீட்டுக் கடனின் ஆஃப்செட் கணக்கிலிருந்து (இருக்கும் பணத்துக்கு ஏற்பக் கடன் வட்டியைக் குறைக்கும் கணக்கு) எடுத்தால், கடன் வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வருடம் 960 டாலர் வட்டி கூடும். அந்த 16,000-ஐப் புதிய லீஸோடு சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். இல்லாத காருக்கு இன்னும் பல வருடம் வட்டி கட்டுவீர்கள். இத்தனையும் செய்து வாங்கப்போவது என்ன? இப்போது இருப்பதைவிடக் குறைந்த சக்தியுள்ள, அதே வடிவமுள்ள ஒரு கார்.

மின்சாரக் காரை லீஸில் எடுத்த உங்கள் முடிவு நல்ல முடிவு. 2022 ஜூலை 1 முதல் தகுதியுள்ள மின்சாரக் கார்களுக்கு, ஊழியர்களுக்குத் தரும் சலுகைகள் மீதான வரியிலிருந்து விலக்கு உண்டு என்பதால், வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்தே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பலன் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் லீஸ் முழுக்காலமும் ஓட வேண்டும். ஐந்து வருட லீஸின் கடைசியில் கட்ட வேண்டிய மீதித் தொகை காரின் விலையில் 28.13 சதவீதம் என்று வருமான வரித் துறை வைத்திருக்கிறது. 70,000 டாலர் கணக்கில் எடுத்தால் சுமார் 19,700. மின்சாரக் கார்களின் பழைய விலை கடந்த சில வருடங்களாக நன்றாக இறங்கியிருக்கிறது. நடுவில் முறிப்பவர்கள்தான் அந்த இறக்கத்தின் முழு அடியையும் வாங்குகிறார்கள். உங்கள் லீஸ் 2029-இல் முடியும். 21 வயதுக்குள் லைசன்ஸ் எடுத்தவருக்கு இங்கே சிவப்பு 'பி' ஒரு வருடம், பச்சை 'பி' மூன்று வருடம். லீஸ் முடியும்போது அவன் பச்சையின் கடைசிக் கட்டத்தில் இருப்பான். அப்போது எந்தக் கார் என்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம். இப்போது சீலைத் தொடாதீர்கள்.

அடுத்து சுபாரு. சக்தியையும் எடையையும் வகுத்துப் பார்த்து "130-க்குள்தான் வருகிறது அப்பா" என்று மகன் சொல்லக்கூடும். 2010-க்கு முன் தயாரான கார்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. அவற்றில் டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் உள்ள பெட்ரோல் கார்கள், எட்டு சிலிண்டர் கார்கள் பொதுவாகத் தடையில் வரும். குறைந்த சக்தி டர்போக்கள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 2008 டபிள்யூஆர்எக்ஸ் டர்போ கார், அதனால் கிடையாது. எஞ்சினை மாற்றியமைத்த கார் எந்த வருடத்ததாக இருந்தாலும் கிடையாது. இளைஞர்கள் கைமாற்றும் பழைய டர்போக்களில் எஞ்சின் வேலை பார்த்திருப்பதும் சகஜம். எந்தக் காராக இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன், லைசன்ஸும் வாகனப் பதிவும் தரும் விக்ரோட்ஸ் இணையதளத்தில் அதன் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். தடை இருந்தால் அங்கேயே தெரியும்.

லோன் வேண்டவே வேண்டாம். வாரம் 350 டாலர் பகுதிநேர வருமானம் என்பது பரீட்சை வரும் மாதத்தில் 150 ஆகிவிடும். ஆனால் தவணை குறையாது, நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

இனி சொல்வதுதான் முக்கியம். கடிதத்தில் நீங்கள் கேட்காதது. ஆனால் ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது. "இன்றைக்கு ஒரு நாள்தானே, ஸ்டேஷன் வரைக்கும் எடுத்துட்டுப் போ" என்று சீல் சாவியை அவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? போலீஸில் மாட்டினால் அபராதமும், லைசன்ஸ் கணக்கில் ஏறும் 3 டீமெரிட் (தண்டனை) புள்ளிகளும். 'பி' ஓட்டுநருக்கு 12 மாதத்தில் 5 புள்ளி சேர்ந்தாலே லைசன்ஸ் ஆட்டம் காணும். அதுகூடச் சின்னது. விபத்து நடந்தால் ஒரு பெரிய செலவு காத்திருக்கிறது.

விக்டோரியாவில் ரெஜோ (வாகனப் பதிவுக் கட்டணம்) கட்டும்போதே டிஏசி என்ற மாநில விபத்து இழப்பீட்டு அமைப்பின் கட்டணமும் சேர்ந்துவிடுகிறது. விபத்தில் காயம் பட்டவர்களின் சிகிச்சைக்கு அது உதவும். உடைந்த கார், இடிந்த சுவர், மோதிய டிராம் எதற்கும் அது ஒரு டாலர் தராது. அதற்கு நம் பாலிசிதான். பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கிறது: லைசன்ஸ் நிபந்தனையை மீறி ஓட்டியவரால் வந்த சேதத்துக்குப் பணம் இல்லை. 1984-ஆம் வருட இன்ஷூரன்ஸ் ஒப்பந்தச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு நமக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. நம் செயலுக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லை என்றால், அந்தக் காரணத்தைச் சொல்லி முழு க்ளெய்மையும் மறுக்க முடியாது. சிக்னலில் நின்றுகொண்டிருந்த காரைப் பின்னாலிருந்து வேறொருவர் இடித்தார் என்றால் வாதாடலாம். ஆனால் சக்தி அதிகமான கார், புதிய ஓட்டுநர், ஈரச் சாலையில் கட்டுப்பாடு இழந்தான் என்றால், அந்த மீறலே இப்படிப்பட்ட விபத்தை உண்டாக்கக்கூடியது என்று அவர்கள் நிற்பார்கள். அந்த இடத்தில் சட்டம் அவர்கள் பக்கம். எதிரே வந்தது ஒரு லட்சம் டாலர் கார் என்றால் அந்தத் தொகை உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். உங்கள் சீல் லீஸில் இருக்கிறது. கார் நொறுங்கினாலும் லீஸ் பாக்கி அப்படியே நிற்கும்.

விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் அது வேறு வழியே இல்லாதவர்களுக்கானது. வீட்டில் அவன் ஓட்டக்கூடிய கொரோலா நிற்கும்போது, கஷ்டம் என்று நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

சரி, கொரோலாவுக்கு வருவோம். மகன் பெயரைச் சேர்த்தால் வருடத்துக்கு 1,370 டாலர் கூடுகிறது. மனசு வலிக்கும்தான். நான்கு வருடமும் ஒரு டாலர்கூடக் குறையாது என்று வைத்தாலும் 5,480. லீஸை முறிக்கும் 16,000-இல் மூன்றில் ஒரு பங்குதான். மனைவி வாரம் இரண்டு நாள் எடுக்கிறார், மிச்சம் ஐந்து நாள் கார் வாசலில் நிற்கிறது. முதல் ஒரு வருடம், அதாவது சிவப்பு 'பி' முடியும் வரை, அந்தக் காரைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோலை அவன் போடட்டும். கூடுதல் பிரீமியத்தில் வாரம் 15 டாலராவது அவன் கையிலிருந்து வரட்டும்.

பிரீமியத்தை மட்டும் பார்க்காமல் எக்ஸஸையும் பாருங்கள். க்ளெய்ம் செய்யும்போது நம் கையிலிருந்து போகும் முதல் தொகை அது. சாதாரண எக்ஸஸ், 25 வயதுக்குக் கீழ் என்பதற்கு ஒன்று, அனுபவம் இல்லாதவர் என்பதற்கு ஒன்று, பாலிசியில் பெயர் சொல்லாத ஓட்டுநர் என்றால் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகும் நிறுவனங்கள் உண்டு. என் மகள் சிவப்பு 'பி'யில் இருந்தபோது ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்து ஒரு வேனின் கதவை நசுக்கிவிட்டாள். வேகம் என்று சொல்ல எதுவும் இல்லை. எங்கள் கையிலிருந்து போன எக்ஸஸ் மட்டும் 2,000 டாலரைத் தாண்டியது. அன்றிலிருந்து, 'பி' ஓட்டுநர் இருக்கும் வீட்டில் எக்ஸஸ் தொகை முழுவதையும் ஆஃப்செட்டில் தனியாகக் குறித்து வைக்கச் சொல்கிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிரீமியத்தைக் குறைக்க ஒரு குறுக்கு வழி நம் மக்களிடையே சுற்றுகிறது. கார் முழுக்க முழுக்கப் பையன் கையில் இருக்கும்; பாலிசியில் மட்டும் அப்பாதான் முக்கிய ஓட்டுநர், பையன் எப்போதாவது எடுப்பான் என்று எழுதுவார்கள். 2021 அக்டோபர் 5 முதல், கேட்கும் கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் தருவது நம் சட்டக் கடமை. தினமும் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்தில் நிற்கும் கார் அப்பாவுடையது என்று நிரூபிப்பது எளிதல்ல. உங்கள் விஷயத்தில் கொரோலா நிஜமாகவே மனைவியின் கார்தான், அப்படியே எழுதுங்கள். பின்னால் அவன்தான் அதிகம் ஓட்டுகிறான் என்று ஆகிவிட்டால் அன்றே மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

ஒரு வருடம் கழித்து, அவனுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தோ வேலை நேரம் மாறியோ தனிக் கார் தேவைப்பட்டால் அப்போது வாங்கலாம். அதற்குள் அவன் வாரம் 80 டாலர் சேர்த்தால் 4,000-க்கு மேல் இருக்கும். நீங்கள் ஒரு 8,000, 10,000 போடலாம். அந்தப் பணத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் சக்தியை முற்றிலும் மறந்துவிடுங்கள் என்பேன். 130 என்ற கோட்டுக்குள் இருக்கிறது என்பதற்காக ஒரு கார் பாதுகாப்பானது ஆகிவிடாது. வீட்டிலேயே பழைய, சின்ன, பாதுகாப்பு வசதி குறைந்த காரைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, புதியதைப் பெரியவர்கள் வைத்துக்கொள்வது இங்கே பரவலான பழக்கம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தடுமாறப்போகிறவன் அவன்தான், தானாகப் பிரேக் போடும் கார் அவனுக்குத்தான் வேண்டும். மோனாஷ் பல்கலைக்கழக விபத்து ஆய்வு மையம் நிஜ விபத்துகளை வைத்துப் பழைய கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் தருகிறது. அதில் ஐந்து நட்சத்திரம் உள்ளவற்றிலிருந்து மட்டும் தேர்ந்தெடுங்கள். வாங்கும் முன் 2 டாலர் கட்டி பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில், காரின் மேல் கடன் பாக்கி உண்டா, திருட்டுக் காரா, ரைட்-ஆஃப் (விபத்தில் கழித்துவிட்ட கார்) என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவோடு விற்கும் காருக்கு, சாலையில் ஓட்டத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழை விற்பவர்தான் தர வேண்டும்.

அந்தக் காரை அவன் பெயரிலேயே பதிந்து, பாலிசியும் அவன் பெயரிலேயே எடுங்கள். முதல் வருடம் கசக்கும். ஆனால் க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடமும் அவன் கணக்கில் ஏறும்; 22 வயதில் நல்ல ஓட்டுநர் என்ற வரலாறு அவன் பெயரில் இருக்கும்.

இன்னொன்று. சிவப்பு 'பி' காலத்தில் 16 முதல் 21 வயது வரை உள்ளவர்களில் ஒருவரைத்தான் ஏற்றலாம், உடன்பிறந்தவர்கள் நீங்கலாக. நண்பர்களை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் செலவைப் பங்கிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தால் அதை இப்போதே பேசிவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: டீலரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொரோலா பாலிசியின் விளக்க ஆவணத்தை எடுத்து, ஓட்டுநர் பற்றிய பக்கத்தையும் எக்ஸஸ் பக்கத்தையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். புதுப்பிக்கும் தேதி வரை காத்திருக்காமல் அவன் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள். 2,350 அதிகம் என்று பட்டால் வேறு இரண்டு நிறுவனங்களிடமும் விலை கேளுங்கள். அந்த உறுதி கையில் வரும் வரை கொரோலா சாவியையும் உங்களிடமே வைத்திருங்கள்.