கல்யாணம் இயற்கையா, ஏற்பாடா?

கேள்வி: "எந்த மிருகம் தாலி கட்டுகிறது? கல்யாணமே இயற்கைக்கு விரோதம்" என்கிறாள் என் மகள். நாங்களோ அது தெய்வம் வகுத்தது என்று நம்புகிறோம். எது சரி?
– ஒரு தாய், மயூர் விஹார், டில்லி

பதில்: ஜோடி சேர்வது இயற்கை, கல்யாணம் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் வாதம் இழுக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் லோதி தோட்டத்துப் பழைய மரங்களைக் கவனியுங்கள். சாம்பல் இருவாச்சி அங்கே உண்டு. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலும் மண்ணாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் பிளவுதான் மிச்சம். உள்ளே இறக்கைச் சிறகுகளும் உதிர்ந்துவிடும். வாரக்கணக்கில் ஆண்தான் ஆலம்பழமும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது செத்தால் பொந்துக்குள் பட்டினிதான். பறவையினங்களில் சுமார் 90 சதவீதம் ஜோடியாகவே குஞ்சு வளர்க்கின்றன. ஆனால் 1980களில் மரபணுச் சோதனை வந்தபின், பல இனங்களின் கூடுகளில் வேறு ஆணுக்குப் பிறந்த குஞ்சுகளும் இருப்பது தெரிந்தது. பாலூட்டிகளில் ஜோடி வாழ்க்கை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பால் தாயிடம் இருப்பதால், ஆண் விலகினாலும் பெரும்பாலும் குட்டி பிழைத்துவிடும். கன்று பிறந்த அன்றே எழுந்து நிற்கிறது. நம் குழந்தை நடக்கவே ஒரு வருடம் ஆகிறது. அதனால் நமக்குத் துணை தேவைப்பட்டது.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: அனுமன் குரங்குக் கூட்டத்தைப் புதிதாகப் பிடிக்கும் ஆண், தாய்கள் சீக்கிரம் மறுபடி கருத்தரிக்கட்டும் என்று பழைய குட்டிகளைக் கொல்வதுண்டு. மிருகங்களைப் பார்த்து நாம் நியாயம் கற்க முடியாது.

மதங்களும் ஒரே குரலில் பேசவில்லை. இஸ்லாத்தில் நிக்காஹ், மஹரோடு (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) கூடிய ஒப்பந்தம். கத்தோலிக்கருக்கு அது திருவருட்சாதனம், அதாவது கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கு. குருவும் சாட்சிகளும் கட்டாயம் என்ற விதி 1563இல், திருச்சபை ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில்தான் வந்தது. மனு சொல்லும் எட்டு வகை மணங்களில் பெண்ணைப் பலவந்தமாகத் தூக்கிப்போவதும் ஒன்று. தொல்காப்பியமோ "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம்" என்கிறது. பழகிவிட்டுக் கைவிட்டவர்கள் தோன்றியபின் பெரியோர் சடங்கை வகுத்தார்களாம். கல்யாணத்துக்கு இதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஏமாற்றப்படும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் அது காவல்.

மகளுக்குச் சடங்குதான் தடை என்றால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம்தான், மணம் செய்யப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். டில்லியில் இருந்துகொண்டு சொந்த ஊரில் கொடுப்பவர்கள் இந்த விதியில்தான் தடுக்கி விழுகிறார்கள். 30 நாள் கழித்து மூன்று சாட்சிகளோடு போய் மணம் செய்துகொள்ளலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் அது காலாவதி, மறுபடி புதிதாகக் கொடுக்க வேண்டும்.