எழுதச் சொன்னால் கையைக் கடிக்கிறான்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். இரண்டு மூன்று சொல்தான் பேசுவான். பள்ளியில் எழுத உட்கார வைத்தால் கையைக் கடித்துக்கொள்கிறான். "அடம். கையைப் பிடித்து எழுத வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? – ஒரு தாய், ஈரோடு

பதில்: வேண்டாம். பிடித்து எழுத வைத்தால் அன்றைக்கு ஒரு பக்கம் நிரம்பும். பென்சிலைக் கண்டாலே மிரளவும் பழகிவிடுவான்.

முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை எதுவானாலும் பேச்சு வராத குழந்தை கடித்துத்தான் காட்டும். குழந்தை மருத்துவரையும் பல் மருத்துவரையும் பார்த்த பிறகு மற்றதைத் தொடங்கலாம்.

அடுத்து ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். நோட்டில் நான்கு கட்டம்: மணி, சற்று முன் நடந்தது, அவன் செய்தது, உடனே பெரியவர்கள் செய்தது. "கோபப்பட்டான்" என்று எழுதாதீர்கள். "வலது மணிக்கட்டைக் கடித்தான், பல் பதிந்தது" என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். விடை பெரும்பாலும் நான்காவது கட்டத்தில் கிடைக்கும். கடித்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள் என்றால், வேலையிலிருந்து விடுபடக் கடிக்கிறான். யாராவது ஓடிவந்து அணைக்கும்போதெல்லாம் அடங்குகிறான் என்றால், ஆளைக் கூப்பிடுகிறான். தனியே இருக்கையிலும் கடித்தால் உடலுணர்வையும் வலியையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வேலையிலிருந்து விடுபடக் கடிப்பதாகத்தான் தெரிகிறது. அப்படியானால் கடிக்காமலே விடுப்புக் கேட்க வழி கற்றுக்கொடுங்கள். 1985இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டியூராண்டும் இதைச் செய்து காட்டினார்கள். பாடம் கடினமானபோது தொந்தரவு செய்த குழந்தைகளுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லி உதவி கேட்கப் பழக்கினார்கள். தொந்தரவு வெகுவாகக் குறைந்தது. உங்கள் மகனுக்குச் சொல்லுக்குப் பதில் ஓர் அட்டை போதும். உள்ளங்கை அளவில் தடித்த அட்டை, அதில் "போதும்" என்பதற்கு ஒரு படம். மேசையில் அவன் கை எட்டும் இடத்தில் வெல்க்ரோவால் ஒட்டுங்கள்.

கடித்த பிறகு அட்டையை நீட்டினால், கடித்தால்தான் அட்டை வரும் என்று படித்துக்கொள்வான். கடிக்கும் முன் தாடை இறுகும், கால் ஆடும், முனகல் வரும். அந்த நொடியில் அட்டையை அவன் விரல் பக்கம் நகர்த்துங்கள். தொட்டதும் "போதுமா, சரி" என்று நோட்டை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். ஆரம்ப நாட்களில் எத்தனை முறை தொட்டாலும் விட வேண்டும். காரியம் கெடுவது இங்கேதான். மூன்றாம் நாளே "இந்த வரியை முடி, அப்புறம்" என்று பேரம் தொடங்கிவிடுகிறது. அட்டை பலிக்காது, பல்தான் பலிக்கும் என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். அவனாகவே அட்டையைத் தொட ஆரம்பித்து, கடி அநேகமாக நின்ற பிறகு ஓர் எழுத்து, இரண்டு எழுத்து, ஒரு வரி என்று காத்திருப்பைக் கூட்டுங்கள். கடி திரும்பினால் முந்தைய படிக்குப் போய்விடுங்கள். நான்கு கோடு நோட்டு அவன் விரலுக்கு இன்னும் எட்டாத வேலையா என்பதையும் ஆசிரியரிடம் கேளுங்கள். மணல் தட்டிலோ கரும்பலகையிலோ எழுதுவதும் எழுத்துத்தான்.

கடிக்கும்போது கையை இழுக்காதீர்கள், தோல் கிழியும். காயம் ஆழமாகப் பட்டால் இந்தப் பத்தியை நம்பியிராமல் நிபுணரிடம் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: சிறப்புப் பள்ளி நடத்துகிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் நடத்தைத் திட்டம் எழுதித் தருகிறோம். ஆசிரியர்கள் பின்பற்றுவதில்லை. இருவர் வேலையையே விட்டுவிட்டார்கள். – தலைமையாசிரியை, மதுரை

பதில்: ஆறு பக்கத் திட்டத்தை எட்டுக் குழந்தைகள் இருக்கும் வகுப்பில் யார் புரட்ட முடியும்? ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம் போதும்: முன் அடையாளம் எது, அப்போது செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன. மீட்டிங்கில் வாசித்துக் காட்டுவதும் பயிற்சி ஆகாது. சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், ஒருவரைக் குழந்தையாக நடிக்க வைத்து ஆசிரியரைச் செய்யச் சொல்லுங்கள், அங்கேயே திருத்துங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை வகுப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்து, திட்டத்தின் படிகளில் எத்தனை நடந்தன என்று குறியுங்கள். பத்தில் ஐந்துதான் நடக்கிறது என்றால் திட்டத்தை மாற்றிப் பயனில்லை. அந்த எண்ணைக் காட்டி ஆசிரியரைக் கண்டிக்காதீர்கள். "எந்தப் படி கஷ்டம்?" என்று கேளுங்கள். ஆயா சாப்பாட்டு அறைக்குப் போய்விடுகிற அந்த அரைமணிதான் சிக்கல் என்பது போன்ற பதில் வரும். அதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

கடிபட்டு வந்த ஆசிரியரிடம் "நீங்க என்ன பண்ணீங்க?" என்று முதலில் கேட்டால், அடுத்த சம்பவம் பதிவேட்டுக்கு வராது. முதலுதவி, தண்ணீர், பதினைந்து நிமிட ஓய்வு. அதுவரை வகுப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை அன்று மாலை பேசலாம். அதே சமயம், அடிப்பதற்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது.

இலக்குகளையும் ஒருமுறை சலித்துப் பாருங்கள். இலக்கு, முறை, பலன் மூன்றையும் சம்பந்தப்பட்டவர்கள் ஏற்கிறார்களா என்று கேட்க வேண்டும் என அமெரிக்க உளவியலாளர் மாண்ட்ரோஸ் வுல்ஃப் 1978இலேயே எழுதினார். "அசையாமல் உட்காருவான்" என்ற இலக்கால் குழந்தைக்கு என்ன லாபம்?

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு ஏபிஏ தெரபி (நடத்தையைப் பகுத்தாய்ந்து தரும் பயிற்சி) வாரம் 40 மணி நேரம் கட்டாயம் என்கிறார்கள். அழுதுகொண்டே போகிறாள். – ஒரு தந்தை, சென்னை

பதில்: அந்த 40, அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. தீவிரப் பயிற்சி பெற்ற குழந்தைகள் 19 பேர். அந்தப் பயிற்சியில் உரத்து அதட்டுவதும் தொடையில் அடிப்பதும்கூட இருந்தன. எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் மருந்தளவாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏபிஏ நிபுணர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க நடத்தை ஆய்வாளர் சான்றிதழ் வாரியத்தின் நெறிமுறை, 2022 முதல், குழந்தையின் இசைவையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. முகம் திருப்புவது, நழுவி ஓடுவது, அழுவது எல்லாம் இசைவின்மைதான். "அவள் வேண்டாம் என்று காட்டினால் என்ன செய்வீர்கள்?" என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். "அழட்டும், பழகிவிடும்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். உட்கார்ந்து பார்க்க உங்களை அனுமதிக்காத அறைக்குக் குழந்தையை அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் பேரன் மகிழ்ச்சி வந்தால் கையை உதறுகிறான். நிறுத்த வைக்க வேண்டுமா? – ஒரு பாட்டி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா. யாருக்கும் காயமில்லை, அவன் கற்பதற்கும் தடையில்லை என்றால் உதறட்டும்.