ஆஹனில் முடிவெட்ட 28 யூரோ: மெஷின் வாங்கலாமா, சலூனுக்கே போகலாமா?

ஜெர்மனியின் ஆஹன் நகரத்துக்குப் படிக்க வந்து மூன்று வாரமே ஆன ஒரு தம்பியின் கேள்வி இது: "பக்கத்துத் தெரு சலூனில் 28 யூரோ போட்டிருக்கிறார்கள். ஊரில் 150 ரூபாய்க்கு வெட்டிக்கொண்டு வந்தவன் நான். 50 யூரோவுக்கு மெஷின் கிடைக்கிறது, இரண்டே தடவையில் போட்ட காசு வந்துவிடும். சைடில் குட்டையாக, மேலே கொஞ்சம் அடர்த்தியாக வைப்பேன். நானே வெட்டிக்கொள்ளலாமா?"

தம்பி, பாதியை நீங்களே வெட்டலாம். கிருதாவிலிருந்து பிடரியைச் சுற்றி மறுபக்கக் கிருதா வரை உங்கள் கைக்கு அடங்கும். உச்சந்தலையைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். சைடில் 6 மில்லிமீட்டர் வைத்தால் ஒரு மாதத்தில் அது 16 ஆகிவிடும், காதைச் சுற்றிப் புதர் மண்டிய மாதிரி தெரியும். மேலே இருக்கிற 6 சென்டிமீட்டர் 7 ஆனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே நம்மை அடிக்கடி சலூனுக்கு ஓட வைப்பது சைடுதான். அதை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் எடுத்துக்கொண்டால், மேல்முடிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சலூன் போதும். மாதாமாதம் போனால் வருஷத்துக்கு 336 யூரோ. நான்கு தடவை போனால் 112. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்துச் சமாளிப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

28 யூரோ கொள்ளையும் இல்லை. அதில் 19 சதவீத வரியாக மட்டும் 4 யூரோ 47 சென்ட் அரசுக்குப் போகிறது. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13 யூரோ 90 சென்ட், அதற்குமேல் முதலாளி கட்டும் காப்பீட்டுப் பங்கு, கடை வாடகை. ஜெர்மனியில் முடிதிருத்தும் கடையை யார் வேண்டுமானாலும் திறந்துவிட முடியாது. பொதுவாக மைஸ்டர் என்ற தேர்ச்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், இல்லாமல் போய் உட்காரக்கூடிய துருக்கி, அரபுக்காரர்களின் பார்பர்ஷாப்களில் பெரும்பாலும் 15லிருந்து 25 யூரோவுக்குள் முடிந்துவிடும். மெஷின் வேலையில் அவர்கள் கை நன்றாகப் பேசும், நம்மைப் போன்ற கறுத்து அடர்ந்த முடியும் அவர்களுக்குப் பழக்கம். இன்னும் மலிவாக வேண்டுமென்றால், தொழில் பழகும் பிள்ளைகளுக்கு மாடல் தேவை என்று சில சலூன்களில் அறிவிப்பு இருக்கும். மைஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். நேரம் இரண்டு மடங்கு ஆகும், பயப்பட ஒன்றுமில்லை. ஞாயிறு எல்லாக் கடையும் மூடியிருக்கும், பழைய சலூன்கள் பல திங்களும் திறப்பதில்லை.

மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு தடவை சலூனுக்குப் போய்விட்டு வாருங்கள். நன்றாக அமைந்த வெட்டுதான் உங்களுக்கு வரைபடம். வெட்டிய அன்றே முன், பின், இரண்டு பக்கம் என நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் வைத்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் "ரெண்டாம் நம்பர்" என்றால் புரியும். இங்கே நம்பர் பேச்சு இல்லை, மில்லிமீட்டர்தான். இரண்டாம் நம்பர் என்பது 6, மூன்று என்பது கிட்டத்தட்ட 9 அல்லது 10, நான்கு என்பது 12 அல்லது 13.

நாற்காலியில் உட்கார்ந்ததும் "ஸைட்டன் உண்ட் ஹிண்டன் நொய்ன் மில்லிமீட்டர்" என்றால் சைடும் பின்பக்கமும் 9. மேல்முடிக்குத்தான் ஜாக்கிரதை வேண்டும். "ஓபன் த்ரை ட்ஸென்டிமீட்டர்" என்று மொட்டையாகச் சொன்னால் மூன்று சென்டிமீட்டரை வெட்டச் சொல்கிறீர்களா, மூன்று சென்டிமீட்டர் மிச்சம் வைக்கச் சொல்கிறீர்களா என்பது அவருக்குத் தெரியாது. "அப்" என்று முடித்தால் அவ்வளவும் போய்விடும். "லாங் லாஸ்ஸன்" என்றால் அவ்வளவு நீளம் இருக்கட்டும் என்று பொருள். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடர்த்தி குறைக்க "அவுஸ்ட்யூனன்", கிருதாவுக்கு "கோட்டலெட்டன்", படிப்படியாகக் கலந்துவர "யூபர்காங்". கூடவே கைப்பேசிப் படத்தையும் காட்டுங்கள். டிப்ஸாக இரண்டு யூரோ கொடுத்தால் மரியாதையாக இருக்கும்.

இனி மெஷின். தாடி டிரிம்மரை வைத்துத் தலையைத் தொடாதீர்கள். அதன் பிளேடு குறுகல், மோட்டாருக்கும் பலம் போதாது. அடர்ந்த முடியில் வெட்டாமல் பிடித்து இழுக்கும். முடிவெட்டவே செய்த கிளிப்பர் வேண்டும்: அகலமான பிளேடு, பக்கத்தில் ஏற்றி இறக்கும் நெம்பு, 3, 6, 9, 12 மில்லிமீட்டர் சீப்பு மூடிகள். முதல் மெஷினுக்கு வயர் உள்ளதே நல்லது. பாதித் தலையில் சார்ஜ் தீராது, பத்து வருஷம் உழைக்கும். மோசர் 1400 போன்ற பழைய மாடல்களை இங்கே தொழில்காரர்களே வைத்திருப்பார்கள். ஊரில் நல்ல கிளிப்பர் இருந்தால் கொண்டுவரச் சொல்லலாம். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். கத்தரி வாங்கினால் முடிவெட்டும் கத்தரியாக, ஐந்தரை அங்குலத்தில் வாங்குங்கள். காகிதக் கத்தரியில் முடி நழுவி மடங்கும், நுனி பிசிறடிக்கும். கூடவே கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று.

முந்தைய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், முடி நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். ஈர முடி ஒட்டிக்கொண்டு மெஷினுக்குள் சீராகப் போகாது. வார விளம்பரத் தாள்கள் தபால்பெட்டியில் குவியுமே, அவற்றைத் தரையில் விரித்து மேலே நில்லுங்கள்.

முதலில் எதுவரை ஏறலாம் என்று எல்லை கட்ட வேண்டும். சீப்பைத் தலையின் பக்கவாட்டில் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால், ஓரிடத்தில் மண்டை உள்ளே வளைந்து சீப்பை விட்டு விலகும். அந்த வளைவுதான் எல்லை. அதைத் தாண்டி மெஷின் போகக் கூடாது. மேல்முடியை வளைவுக்கு மேலே தூக்கிச் சீவி, கிளிப் போட்டு நிறுத்துங்கள்.

பெரிய மூடியில் தொடங்குங்கள். 12ஐ மாட்டி, முடி வளரும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலே மெதுவாக ஏற்றுங்கள். வளைவை நெருங்கும்போது மெஷினை மண்டையோடு சேர்த்து வளைக்காதீர்கள். நேராக வெளியே இழுத்துவிடுங்கள், கரண்டியால் சோறு அள்ளுகிற மாதிரி. தலையோடு ஒட்டியே மேலே போனால்தான் கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டின கோடு விழுகிறது. சுற்றி முடித்ததும் 9ஐ மாட்டி, காதின் மேல்நுனியிலிருந்து இரண்டு விரல்கிடை உயரம் வரை. பிறகு 6, காதின் மேல்நுனி மட்டம் வரை மட்டும். இரண்டு அளவுக்கும் நடுவில் கோடு தெரிந்தால், சின்ன மூடியையே வைத்து நெம்பைத் திறந்துகொண்டு, கோட்டின் மேல் மட்டும் சிறுசிறு வீச்சாக வெளியே தட்டிவிடுங்கள். நெம்பு திறந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் நீளம் கூடும், அந்த நடு அளவுதான் கோட்டைக் கரைக்கும். நம் முடி கறுப்பாகவும் தடிப்பாகவும் இருப்பதால் கோடு சட்டென்று கண்ணில் படும். இந்தக் கட்டத்தில் அவசரம் வேண்டாம்.

பின்பக்கம்தான் எல்லோரும் தடுமாறும் இடம். ஒரு கண்ணாடி முன்னால், ஒரு கண்ணாடி கையில் என்று இரண்டில் பார்க்கும்போது, வழக்கமாகக் கண்ணாடியில் காணும் இடவல மாற்றம் இல்லாமல் போகிறது. ஒற்றைக் கண்ணாடிக்குப் பழகிய கை எதிர்ப்பக்கம் ஓடும். கண்ணை விட்டுவிட்டு விரலை நம்புங்கள். இடதுகை ஆள்காட்டி விரலை எல்லை உயரத்தில் மண்டையில் படுக்கை வசமாகப் பதியுங்கள். வலதுகையால் மெஷினை ஏற்றி, மூடி விரலில் முட்டியதும் வெளியே எடுங்கள். விரலை ஒரு அங்குலம் நகர்த்தி மறுபடியும். கண்ணாடி இடையிடையே சரிபார்க்க மட்டும்.

பிடரியின் கீழ்க்கோட்டைப் புதிதாக வரையப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் சமப்படுத்திச் சமப்படுத்திக் கோடு மேலே ஏறிவிடும், பத்தே நாளில் அடியில் முள்முள்ளாக முளைக்கும். முடி இயல்பாக முடிகிற இடத்தை அப்படியே விட்டு, அதற்குக் கீழே கழுத்தில் பரவிய பூனைமுடியை மட்டும் மூடியில்லாத மெஷினைத் தலைகீழாகப் பிடித்து எடுத்துவிடுங்கள். காதுக்குப் பின்னால் எடுக்கும்போது மறுகையால் காதை முன்னே மடித்துப் பிடியுங்கள்.

பெரிய விபத்து ஒன்றுதான்: மூடி சரியாக மாட்டாமல் பாதியில் கழன்று, மண்டையில் வெள்ளைப் பாதை விழுவது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் "டக்" சத்தம் கேட்கிறதா, பிளேடின் பல்லுக்கு முன்னால் மூடியின் பல் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே தலைக்குக் கொண்டுபோங்கள். அப்படியே விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்கிறேன் என்று சுற்றிலும் எடுக்காதீர்கள். நிறுத்திவிட்டு பார்பர்ஷாப்புக்குப் போங்கள். சுற்றிலும் முடி மிச்சமிருந்தால் அவரால் மறைத்துத் தர முடியும்.

சுழி இருக்கும் இடத்தில் முடி நாலாபக்கமும் வளர்வதால் ஒரே திசையில் மெஷின் ஓட்டினால் திட்டுத்திட்டாகத் தெரியும். இரட்டைச் சுழி உள்ளவர்கள் அந்த வட்டத்தை வீட்டில் தொடவே வேண்டாம். குட்டையானால் அங்கே முடி குச்சியாக நிற்கும்.

மேல்முடி சலூன் வேலை என்றேன். இடையில் கண்ணில் விழுந்தால் நெற்றிமுடியை மட்டும் லேசாக ஈரப்படுத்தி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கத்தரியைக் குறுக்கே வைக்காமல் நுனியை நோக்கிச் செங்குத்தாக வைத்துக் கொத்திக் கொத்தி அரை சென்டிமீட்டர் எடுங்கள். காய்ந்ததும் முடி இன்னும் சுருங்கி ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். அடர்த்தி குறைக்கும் பல்கத்தரியை வேரருகே வைக்காதீர்கள். வெட்டுப்பட்ட குட்டை முடிகள் முட்டுக்கொடுத்து, மேலே உள்ளதை இன்னும் உப்ப வைத்துவிடும்.

முடிந்ததும் பிளேடைப் பிரஷால் துடைத்து, மெஷினோடு வரும் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு விட்டுப் பத்து விநாடி ஓடவிடுங்கள். அது தீர்ந்தால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், இங்கே குளிர்காலக் குளியலறையில் பிளேடுக்குள் மெழுகாகிப் பிடித்துக்கொள்ளும். தாளைச் சுருட்டி, மறுசுழற்சிக்குப் போகாத மீதிக் குப்பைக்கான தொட்டியில் போடுங்கள். ஒரு கைப்பிடி முடிகூட ஷவர் ஓட்டைக்குள் போகக் கூடாது. சோப்பும் முடியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கூட வசிப்பவர்களோடு மனத்தாங்கல், வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கழிவு. இரவு பத்துக்கு மேல் மெஷின் சத்தமும் வேண்டாம்.

நண்பர்கள் ஒருவருக்கொருவர் வெட்டிவிடுவது நல்ல வழி, பின்பக்கத்துக்கு இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும். காசு மட்டும் வாங்காதீர்கள். ஐந்து யூரோ வாங்கி விடுதியில் வெட்டினாலும் அது பதிவில்லாத தொழில், மாணவர் விசாவில் தனி அனுமதி வாங்காமல் சொந்தத் தொழில் செய்யவும் கூடாது. இன்னொருவர் தலைக்குப் போகும் முன் பிளேடிலும் மூடியிலும் கிருமிநாசினி ஸ்பிரே அடித்துக் காயவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுத்தம் செய்யாத மெஷின் வழியாகப் பிடரியிலும் தாடியிலும் படர்தாமரை பரவுவதை ஜெர்மானியத் தோல் மருத்துவர்கள் சில வருஷங்களாகப் பதிவு செய்துவருகிறார்கள். கடையில் உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கு வைத்த பிளேடை ஸ்பிரே அடிக்காமல் உங்களுக்கு வைத்தால், தயங்காமல் "பிட்டே டெஸின்ஃபித்ஸீரன்" (தயவுசெய்து கிருமிநீக்கம் செய்யுங்கள்) என்று கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வட்டமாகச் செதில் உதிர்ந்து அரிப்பெடுத்தால், ஊரிலிருந்து பெட்டியில் வந்த கலப்பு ஆயின்மென்ட்டைத் தடவாதீர்கள். அவற்றில் பலதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாள் அடங்கின மாதிரி காட்டிவிட்டு, உள்ளே பூஞ்சை பரவிவிடும். ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள், தோல் மருத்துவருக்கு அவரே எழுதிக் கொடுப்பார். தலைமுடிக்குள் வந்த பூஞ்சைக்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

மெஷின் வந்த முதல் நாள் 12ஐ மட்டும் போட்டுச் சுற்றி எடுத்துப் பாருங்கள், 9க்கும் 6க்கும் அடுத்த மாதம் போகலாம். வேலைவாய்ப்பு நேர்காணல் இருக்கும் வாரத்தில் வீட்டுப் பரிசோதனை வேண்டாம். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு வாரமும் டெர்மின் கிடைப்பது கஷ்டம், நவம்பர் கடைசியிலேயே போட்டுவிடுங்கள்.