அடங்கலில் இல்லாத பெயர்கள்: கேள்வி பதில்

புயல், வெள்ள நிவாரணப் பணிகளுக்காகச் சென்னையிலிருந்து கடலூருக்கும் டெல்டா மாவட்டங்களுக்கும் பல ஆண்டுகளாகச் சென்று வரும் தன்னார்வலர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

2015-லும் 2023-லும் சென்னையும்தானே மூழ்கியது? கிராமத்தின் பாதிப்பு மட்டும் எப்படி வேறாகும்? (தாம்பரம் வாசகர்)

மாதச் சம்பளக்காரருக்கு வீட்டுச் சாமான்கள் போனாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். கிராமத்தில் வீடும் வேலையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெட்டை ரகத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். மரத்துக்கு 1,100 ரூபாய் என இழப்பீடு அறிவிக்கப்பட்டது. ஆனால், அந்தத் தோப்புகளை நம்பிக் காய் பறித்தவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்களுக்கும் சொந்தமாக ஒரு மரம்கூட இல்லாததால், மரக்கணக்கில் அவர்கள் வரவே இல்லை.

மன்னார்குடி அருகே எங்கள் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். சம்பா மூழ்கியதற்கான நிவாரணம் என் கணக்கில் வரவானது. நான் வைத்துக்கொள்ளலாமா? (முகப்பேர் வாசகர்)

கூடாது. நேர்மையாகக் கேட்டீர்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால், பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது 2022-26 காலத்துக்கான விதி. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏழாயிரம்கூடத் தேறாது. உழவு, நடவு, களை, உரம் என்று இதைவிடக் கூடுதலாகவே செலவழித்தவர் உங்கள் குத்தகைதாரர். அதற்காக நகையை அடகு வைத்திருந்தால், அதை மீட்க வேண்டியவரும் அவரே. எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்று காட்டும் கிராமப் பதிவேடான அடங்கலில் உங்கள் பெயர் இருப்பதால் பணம் முகப்பேருக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே சிக்கல் உண்டு. சாகுபடி செய்பவர் குத்தகைதாரர்தான் என்று எழுதிக் கொடுத்தால் குத்தகைச் சட்டத்தில் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உடைமையாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தின் விலையைக் குத்தகைதாரர் கட்டுகிறார். அவர் பெயரிலேயே காப்பீடு இருந்தாலும், நெல்லுக்கு இழப்பு பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்தே முடிவாகிறது. வாய்க்கால் கடைமடையில் அவருடைய வயல் மட்டும் அழுகி, ஊரில் மற்றவர்கள் அறுத்துவிட்டால், அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

வெயிலையும் பேரிடர் என்பது மிகையில்லையா? (அண்ணா நகர் வாசகி)

இல்லை. போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் போன்ற ஆபத்து இரு மடங்காக இருந்தது. மரக்காணம், வேதாரண்யம் போன்ற இடங்களின் உப்பளங்களில் ஒதுங்க நிழலும் கழிப்பறையும் அரிது. அதனால் தாகம் எடுத்தாலும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது; உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால், வயலில் சுருண்டு விழுந்தவரின் சாவை மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்தப் பணம் எப்படிக் கிடைக்கும்?

பழைய துணிகளை அனுப்பலாமா? (அம்பத்தூர் வாசகி)

வேண்டாம். அவை பள்ளிக்கூடத் திண்ணையில் குவிந்து ஈரத்தில் மக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தார்ப்பாய், கொசுவலை, புதிய உள்ளாடைகள், நாப்கின் வாங்கி அனுப்புங்கள்.

சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு என்ன செய்யலாம்? (ஆவடி வாசகர்)

திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் பல, பட்டா இல்லாமல் ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் வாழ்கின்றன. மழை தொடங்கினால் செங்கல் சூளை நிற்கும். சூளை முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் கடன் மட்டும் நிற்காது. ஒரு மழைக்குப் பின் நான் போன குடிசையில், வயதான அம்மா ஒருவர் கூரைச் சட்டத்தில் செருகியிருந்த மஞ்சள் பையை எடுத்துப் பிரித்தார். ரேஷன் அட்டை தப்பியிருந்தது. பேரனின் சாதிச் சான்றிதழில் மை ஊறி, பெயர் இருந்த இடம் நீலத் திட்டாகியிருந்தது. “இது செல்லுமா சார்?” என்றார். செல்லாது. பெருவெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ்களுக்குக் கட்டணமின்றி நகல் தரும் சிறப்பு முகாம்களை அரசு நடத்துவதுண்டு. அன்று ஒரு நாள் விடுப்பு எடுத்து, உங்கள் வண்டியில் நான்கு பேரை முகாமுக்கு அழைத்துச் சென்று, கையில் நகல் வரும்வரை உடன் இருங்கள்.