ஹாலிடே கிளப் கூட்டத்துக்குப் போனால் தீம் பார்க் டிக்கெட் இலவசமாமே, போகலாமா?

கேள்வி: பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டலில் நடக்கும் ஹாலிடே மெம்பர்ஷிப் கூட்டத்துக்குக் கணவன் மனைவியாக வந்தால் தீம் பார்க் டிக்கெட் இலவசம் என்று போன் வந்தது. உண்மையிலேயே தருவார்களா? போகலாமா?

பதில்:

தருவார்கள். போகலாம். எனக்குத் தந்தார்கள், நானும் ஒரு பைசா கட்டாமல் எழுந்து வந்தேன். இப்படிச் சொன்னதும் ‘ஓசிக்கு அலைகிற கூட்டம்’ என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். என் சகலையே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்கான பதிலையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துச் சொல்கிறேன். மாலிலோ, பெட்ரோல் பங்கிலோ, பொருட்காட்சியிலோ ஒரு கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போட்டிருப்பீர்கள். கார் இருக்கிறதா, கிரெடிட் கார்டு இருக்கிறதா, மாத வருமானம் எவ்வளவு என்றெல்லாம் அதில் கட்டம் இருந்திருக்கும். இப்போது குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது என்கிறார்கள். குலுக்கலாவது ஒன்றாவது! அந்தக் கட்டங்களைப் பார்த்தால் யாரால் தவணை கட்ட முடியும் என்று தெரிந்துவிடும், அத்தனை பேருக்கும் பெயர் விழும். போனில் பேசிய பெண் ‘மேடமும் கண்டிப்பா வரணும் சார்’ என்று அழுத்திச் சொல்லியிருப்பார். தனியாகப் போனால் ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்று நழுவிவிடலாம் இல்லையா? அந்த வாசலை அடைக்கத்தான் ஜோடியாகக் கூப்பிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். ரிசார்ட் அறையில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பத்து, இருபத்தைந்து வருஷத்துக்கு மொத்தமாக விற்கிறார்கள். டைம்ஷேர் என்பார்கள். 1960களில் பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஆரம்பித்த வியாபாரம், 1980களில் நம் நாட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் இது இன்னும் பெரிய சங்கதி. என் சித்தப்பா பையன் அங்கே இருக்கிறான். டிஸ்னி பார்க்க வருகிறவர்களை ஹோட்டல் வரவேற்பறையிலேயே மடக்கி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் டிக்கெட் மலிவாகத் தருகிறோம் என்பார்களாம். அங்கே குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார்ந்து, காலை டிபனையும் முடித்துக்கொண்டு டிக்கெட்டோடு வருகிறார்கள். அவர்களை யாரும் ஓசி என்று சொல்வதில்லை. நாம் போனால் மட்டும் கேவலமா?

சரி, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் கடலூர், மஞ்சக்குப்பம். பையனுக்குக் கோடை விடுமுறை. தீம் பார்க் தீம் பார்க் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தோம். ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் வட்ட மேஜைகள், மேஜைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு டை கட்டிய பையன். பக்கத்து மேஜையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கக் கூடாது என்பதற்காகவே பாட்டை அலற விட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை யாராவது மைக்கில் ‘புதுக் குடும்பத்தை வரவேற்போம்’ என்பார், எல்லா டை பையன்களும் எழுந்து கைதட்டுவார்கள். அதில் எத்தனை நிஜம், எத்தனை நாடகம் என்று மேஜையில் உட்கார்ந்திருக்கிற நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் மேஜைக்கு வந்த பையன் விழுப்புரத்துப் பக்கம். நல்ல பையன். முதல் அரை மணி நேரம் விற்பனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், சொந்த வீடா என்று சொந்தக்காரன் மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் மனைவி பக்கம் திரும்பி, “மேடம், சார் கடைசியா உங்களை டூருக்கு எங்க கூட்டிட்டுப் போனாரு?” என்று கேட்டான்.

அவள் யோசித்துவிட்டு, “திருநள்ளாறு” என்றாள்.

பையன் எழுதிக்கொண்டான். “அது கோயில் மேடம். டூர்?”

“அதான் சொன்னேனே, திருநள்ளாறு.”

அந்த மண்டபத்தில் அவர்கள் வைத்த ஆயுதங்களிலேயே கூர்மையானது இந்தக் கேள்விதான். மீதி எல்லாம் கணக்கு, கணக்கை நாமும் போடலாம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் போவதற்கு முன்னாலேயே மனைவியிடம் இந்தக் கேள்வி வரும் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும் வழியெல்லாம் காரில் பேச்சு இருக்காது.

இப்போது அவர்கள் கணக்கு. ‘இன்னைக்கு நல்ல ரூம் வாடகை 5,000. வருஷம் 10 சதவீதம் ஏறினா 25 வருஷத்துல ஒரு ராத்திரிக்கு 54,000 ஆகும் சார். நீங்க இன்னைக்கே 4 லட்சத்துல லாக் பண்ணிடுறீங்க’ என்று காகிதத்தில் பெரிதாக எழுதி வட்டம் போட்டான். பெருக்கல் சரிதான், வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஆனால் அதே காகிதத்தின் ஓரத்தில் வருஷப் பராமரிப்புக் கட்டணம் 18,000 என்று பொடி எழுத்தில் இருந்தது. அறை வாடகைக்கு மட்டும் 10 சதவீதம் ஏற்றினானே தவிர, இதற்கு ஏற்றவே இல்லை. ஏன் தம்பி என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டான்.

என் கணக்கு இது. 4 லட்சத்தை 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் வருஷம் 28,000 வட்டி. பராமரிப்பு 18,000, அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 21,240. இரண்டும் சேர்ந்து 49,240. ஏழு ராத்திரிக்கு வகுத்தால் ராத்திரிக்கு ஏழாயிரத்துச் சொச்சம். சாப்பாடு தனி. ஏழு ராத்திரியும் தவறாமல் போனால்தான் இந்த விலை, மூன்று ராத்திரி போனால் என்ன ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். வட்டிக்கு வருமான வரி உண்டே என்று யாராவது வருவீர்கள். சரி, வரியைக் கழித்துக்கொள்ளுங்கள். டெபாசிட்டில் அசல் நம்முடையதாகவே இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சீசனை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். மலிவான வகையில் சேர்ந்தால் மே மாதத்திலும் தீபாவளி, பொங்கல் நேரத்திலும் அறை கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வேறு எந்த மாதம் உதவும்?

இதை எல்லாம் அங்கே சொல்லி வாதாடினேனா என்றால், இல்லை. நான் சொல்ல வந்ததே இந்த ஒரு விஷயம்தான்: காரணம் சொல்லாதீர்கள். பணம் இல்லை என்றால் தவணை இருக்கிறது என்பார்கள். லீவு கிடைக்காது என்றால் அடுத்த வருஷத்துக்குச் சேர்த்துவைக்கலாம், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்பார்கள். என் சகலை அவர் போன கூட்டத்தில் ‘அப்பாவுக்கு உடம்பு முடியல’ என்றிருக்கிறார். ஏற்காட்டுக் காற்று ரொம்ப நல்லது சார் என்று பதில் வந்ததாம். நாம் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ‘வேண்டாம்ங்க’ என்பதற்கு மட்டும் எந்தப் பயிற்சியும் கிடையாது. நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். மேனேஜர் விலையை ஒரு லட்சம் குறைத்தார். வேண்டாம்ங்க. இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை என்றார். வேண்டாம்ங்க. அப்புறம் முகம் மாறியது. “அப்போ எதுக்கு சார் வந்தீங்க?” என்றார்.

“டிக்கெட்டுக்கு. நீங்கதான கூப்பிட்டீங்க?”

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கூப்பிட்டவர்கள் அவர்கள். நேரத்துக்கு விலையாக டிக்கெட் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன், என் பங்கு வேலையை நான் செய்தேன். அந்த விழுப்புரத்துப் பையனை நினைத்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அவனுக்கு மாத டார்கெட் இருக்கும். ஆனால் அவன் டார்கெட்டுக்காக நான் 3 லட்சம் கொடுக்க முடியாது.

டிக்கெட் கொடுத்தார்கள். உறைக்குள் நிபந்தனைச் சீட்டு ஒன்று. இரண்டு பெரியவர்களுக்கு மட்டும், வார நாளில் மட்டும், முன்கூட்டி மெயில் அனுப்பித் தேதி வாங்க வேண்டும், வரி நாம் கட்ட வேண்டும். போனோம். பையனுக்குத் தனி டிக்கெட். பார்க் வாசலில் குழந்தைகளை வயதை வைத்துப் பார்ப்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். இவன் கோட்டுக்குக் கீழே நிற்க முழங்காலை மடக்கினான், காவலாளி சிரித்துவிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவ்வளவு தூரம் பெட்ரோல், உள்ளே சாப்பாடு, லாக்கர், தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் துணி வாடகை என்று செலவுதான். இலவசம் என்று சொல்ல முடியாது, பாதி விலை என்று சொல்லலாம். பையனுக்கு சந்தோஷம், எனக்கு அது போதும்.

சகலை விஷயம். நெய்வேலியில் ஓய்வு பெற்றவர். பணம் கைக்கு வந்த சமயத்தில் இதே மாதிரி ஒரு மண்டபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார். மூணாறு போய் வந்தார், போட்டோவை இன்னும் வாட்ஸப்பில் வைத்திருக்கிறார். போன மாதம் போன் செய்து, ‘இந்த வருஷ வாரம் வீணாப் போவுது, நீங்க வேணா போறீங்களா, மெயின்டனன்ஸ்ல பாதி கொடுத்தா போதும்’ என்றார். அவர்தான் கல்யாண வீடுகளில் என்னை ‘ஓசி டிக்கெட்’ என்று அறிமுகப்படுத்துகிறவர்.

அவர் பெயரைச் சொன்னதும் இன்னொரு வயிற்றெரிச்சல் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, பரவாயில்லை. கடலூர்க்காரன் பாண்டிச்சேரி போகிறான் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘வரும்போது ரெண்டு பாட்டில்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் குடிக்காதவன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் சகலை போன் செய்து பிராண்டு பெயர் எல்லாம் சொன்னார். எல்லை தாண்டும்போது சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்தால் நிற்பது நானும் என் மனைவியும். மாட்டினால் பெயர் கெடுவது எங்களுக்கு. வாங்கவில்லை என்றால் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கடலூரில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கொடுமை புரியும். வரி வித்தியாசத்தில் மிச்சம் பிடிக்க என் மானத்தை அடகு வைப்பவர்கள் என்னை ஓசி என்கிறார்கள்.

விடுங்கள். போவதென்று முடிவு செய்தால் சில விஷயங்கள். எத்தனை டிக்கெட், எந்த நாட்களுக்கு, எவ்வளவு நாள் செல்லும், வரி யார் கட்டுவது என்று வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் போகாதீர்கள். கிரெடிட் கார்டை எடுத்து வாருங்கள் என்பார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசியில் இருக்கிறவன் எதற்கும் தலையாட்டுவான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தப் பதிலைப் படிக்கிறவர்களுக்கு: ஆர்லாண்டோ இருக்கிற புளோரிடாவில் பத்து நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. நம் ஊரில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது, ஒப்பந்தத்தில் ரத்துக்கான நாட்கள் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். மறுத்தால் 1915க்குக் கூப்பிடலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பாண்டிச்சேரியில் கையெழுத்துப் போட்டோம், கம்பெனி வேறு மாநிலத்தில் இருக்கிறது என்று மலைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உள்ளே என்றால் அங்கே கட்டணமும் இல்லை. சகலைக்கும் இதைச் சொன்னேன். ‘என்னை யாரும் ஏமாத்தல, நான் யோசிச்சுத்தான் வாங்கினேன்’ என்று விட்டார்.

கம்பெனி பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள், சொல்ல மாட்டேன். கூப்பனில் எழுதிய போன் நம்பர் அதற்குள் எங்கெங்கோ போயிருக்கும். எனக்கு இன்றுவரை திண்டிவனத்துப் பக்கம் மனை வாங்கச் சொல்லியும் இன்சூரன்ஸ் போடச் சொல்லியும் கூப்பிடுகிறார்கள். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்துவிட்டுப் பிறகு மண்டபத்துக்குப் போங்கள்.