கொழுப்பைக் கரைக்குமா என்சைம் சிரப்?

கேள்வி: ராத்திரி கறி தோசையும் சுக்காவும் சாப்பிட்டால் என் கணவருக்கு விடியும்வரை வயிறு கனத்துக் கிடக்கிறது. மெடிக்கலில் கேட்டால், "கொழுப்பைக் கரைச்சிடும்" என்று ஒரு என்சைம் சிரப்பைத் தருகிறார்கள். ஆன்லைனில் பல மடங்கு விலைக்கு கேப்சூலும் விற்கிறது. எதை வாங்கலாம்?
– வாசகி, சிம்மக்கல், மதுரை

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் சிரப் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் செரிமான சிரப்புகளில் பெரும்பாலும் இருப்பவை ஃபங்கல் டயஸ்டேஸ், பெப்சின் என்ற இரண்டு என்சைம்கள், அதாவது உணவைச் செரிக்க வைக்கும் நொதிகள். டயஸ்டேஸ் தோசையின் மாவுச்சத்தை உடைக்கும், பெப்சின் கறியின் புரதத்தை உடைக்கும். கொழுப்பை உடைக்க லைபேஸ் என்ற என்சைம் வேண்டும். அந்தப் பெயர் லேபிளில் இல்லையென்றால், சுக்காவில் மிதக்கிற எண்ணெயை அந்த சிரப் தொடவே தொடாது. சர்க்கரை நோய் இருந்தால் சிரப்பில் சேர்த்திருக்கும் இனிப்பையும் கவனியுங்கள்.

அந்த லைபேஸ் உங்கள் கணவரின் கணையத்திலேயே சுரக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையைக் குடலில் பித்தநீர் செய்கிறது; கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாகப் பிரித்துவிடுகிறது. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறிலும் கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும். துளியின் மேல் உட்காரும் லைபேஸ் அதில் இரண்டை வெட்டிவிடும். அப்புறம்தான் குடல் அதை உறிஞ்ச முடியும். கணையம் தேவைக்கு மிஞ்சியே லைபேஸைச் சுரக்கிறது. சுரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால்தான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் போகும். ஆக, கனத்துக்கு என்சைம் குறைபாடு காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. கொழுப்பு குடலுக்குள் வந்ததும் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்துவிடும். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால் கனக்கத்தான் செய்யும். ஏழரைக்குள் பாதி அளவு சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேப்சூலுக்கு வருவோம். டாக்டர்கள் கணைய நோய்க்கு எழுதித் தரும் பான்கிரியாட்டின் என்ற என்சைம் மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. இரைப்பை அமிலம் லைபேஸைக் கெடுத்துவிடும் என்பதால் அமிலம் தாங்கும் பூச்சு போட்டிருப்பார்கள். மெல்லாமல், சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். அதன் வீரியத்தை 10,000, 25,000 என்று லைபேஸ் யூனிட்டில்தான் குறிப்பார்கள். ஆன்லைன் கேப்சூலில் வெறும் மில்லிகிராம் மட்டும் போட்டு 'என்சைம் கலவை' என்று இருந்தால் வாங்காதீர்கள். எத்தனை மில்லிகிராம் என்பதை வைத்து அது எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்லவே முடியாது. 'தொப்பையைக் கரைக்கும்' என்று விற்றால் அது பச்சைப் பொய். நாம் சாப்பிட்ட கொழுப்பை உடம்பில் சேர்க்கத்தான் லைபேஸ் உதவும். அப்படி ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தாலோ, எடை குறைந்தாலோ, கொழுப்பு சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரியில் குடல் நோய் டாக்டரைப் பாருங்கள். பித்தப்பைக் கல்லா, கணையக் கோளாறா என்று ஸ்கேனும் பரிசோதனைகளும் சொல்லிவிடும். கனத்தோடு வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் அது இதயமாகவும் இருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.