காலையில் கடகட சத்தம்: டைமிங் செயினை மாற்ற வேண்டுமா?

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்கு உசிலம்பட்டி பக்கம். தினமும் விடிந்தும் விடியாமலும் மல்லிகைப் பூ மூட்டைகளைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வருகிறேன். பழைய 1.3 லிட்டர் டீசல் கார், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஸ்டார்ட் பண்ணியதும் இன்ஜினின் ஒரு ஓரத்தில் கடகடவென்று சத்தம். முதலில் இரண்டு நொடியில் நின்றுவிடும், இப்போது மதுரை போகும் வழியில் இருக்கிற செக்கானூரணி வரைக்கும் கேட்கிறது. மெக்கானிக், 'கெட்டி ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும், செயின் ஆயுசுக்கும் வரும்' என்கிறார். செயினை மட்டும் மாற்றினால் போதுமா? அதுவரை ஓட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டாதீர்கள். பூவை இரண்டு நாள் பக்கத்து வண்டியில் போட்டு அனுப்புங்கள்.

பைக் செயின் தளர்ந்தால் பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து டைட் வைப்போம் இல்லையா, கார் இன்ஜினுக்குள் அந்த வேலையைத் தானாகச் செய்வது டென்ஷனர். பெரும்பாலான கார்களில் அது ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், இரண்டையும் இணைத்து அந்தக் கணக்குப் பிசகாமல் காப்பது டைமிங் செயின். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிற பின் (ஆணி மாதிரியான சின்ன இரும்புத் துண்டு) துளித்துளியாகத் தேய்கிறது, எல்லாக் கண்ணியின் தேய்மானமும் சேர்ந்து மொத்த நீளம் கூடிவிடுகிறது. டீசல் ஆயிலில் கரி நிறையச் சேரும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் அந்தக் கரியே உப்புத்தாள் மாதிரி பின்னைத் தேய்க்கும். செயின் ஆயுசுக்கும் வரும் என்பது நல்ல ஆயில் நேரத்துக்கு மாறும் வண்டிக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும்.

இரண்டு நொடிச் சத்தம் மட்டும் என்றால் நான் இவ்வளவு பயமுறுத்த மாட்டேன். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும், பிரஷர் ஏறும்வரை டென்ஷனர் தளர்வாக இருக்கும். விலை குறைவு என்று போலி ஆயில் ஃபில்டர் போட்டிருந்தால், ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு அதில் சரியாக இருக்காது, அதனாலும் வரும். ஆனால் இன்ஜின் சூடான பிறகும் உங்களுக்குச் சத்தம் கேட்கிறது. டென்ஷனர் தள்ளக்கூடிய தூரம் முழுவதும் தள்ளி முடித்திருக்கலாம், அல்லது செயின் உரசிப்போகும் பிளாஸ்டிக் கைடு உடைந்திருக்கலாம். இனி பல் சக்கரத்தில் செயின் பல் தாண்டினால், வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடிக்கலாம். இடித்தால் வால்வு வளையும், ஹெட்டை (இன்ஜினின் மேல் பகுதியை) இறக்க வேண்டும், பிஸ்டனும் போகலாம். செயின் வேலைக்கு ஆகும் செலவு அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

கெட்டி ஆயில் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில் அது இன்னும் மெதுவாகத்தான் டென்ஷனருக்குப் போய்ச் சேரும், சத்தம் கொஞ்சம் அமுங்கினாலும் தேய்ந்த செயின் தேய்ந்ததுதான். கையேட்டில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதுவே போதும். இன்னொன்று, பேட்டரி இறங்கினால் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், அந்தக் குலுக்கலில் தளர்ந்த செயின் பல் தாண்டிவிடலாம்.

செயினை மட்டும் மாற்றினால் போதாது. டென்ஷனர், இரண்டு கைடுகள், கிராங்க், கேம் ஸ்ப்ராக்கெட்டுகள் (பல் சக்கரங்கள்), கிராங்க் ஆயில் சீல் எல்லாம் செட்டாக மாற வேண்டும், ஏனென்றால் தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி உறிஞ்சு குழாயின் வலையைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள். உடைந்த கைடு துண்டுகள் அங்கேதான் போய் அடைக்கும், ஆயில் ஏறாவிட்டால் இன்ஜினே போய்விடும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பார்த்து மனசு நோகிறது. பொருத்தி முடித்ததும் சாவி போடுவதற்கு முன்னால் ஸ்பேனரை வைத்துக் கையால் கிராங்க்கை முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் பழைய இடத்துக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்காவது தட்டினால் பலம் கொடுத்துச் சுற்றக் கூடாது, அங்கேயே நிறுத்த வேண்டும். கேமைப் பூட்டும் டூல் இல்லாத ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். 62,000 கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் காருக்கு, 'டைமிங் செயினைக் கணக்குப்படி மாற்ற வேண்டும்' என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். சத்தம் எதுவும் இல்லை. மாற்றவா?

பதில்: வேண்டாம் அம்மா. சில கார்களில் செயினுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் ரப்பர் பெல்ட் இருக்கும், கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுவது அந்த பெல்ட்டைத்தான். பெரும்பாலான கார்களில் செயினுக்கு அப்படிக் கணக்கு கிடையாது. உங்கள் வண்டியில் செயினா பெல்ட்டா என்று முதலில் கையேட்டைப் பாருங்கள், பெல்ட் என்றால் தள்ளிப்போடாதீர்கள். செயின் என்றால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானெட்டைத் திறந்துவைத்துக் கேளுங்கள், இன்ஜின் லைட் எரிகிறதா, இழுவை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அந்தப் பணத்தில் ஆயிலும் ஒரிஜினல் ஃபில்டரும் போட்டுக்கொள்ளுங்கள்.